படபடப்புக்கு யாரிடம் போவது?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. திடீரென்று வரும் நெஞ்சுப் படபடப்பு, அதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்ற திண்டாட்டம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்தச் சகோதரிக்கு நேர்ந்தது நிறைய பேருக்கு நேர்கிறது. மதுரையில் சிகிச்சைக்காக என் அறைக்கு வருகிறவர்களிலும் பலர் மூன்று நான்கு இடங்களில் பணத்தைக் கொடுத்துக் களைத்த பிறகுதான் வருகிறார்கள்.

*

எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன ஆடி மாதம் பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது, விரலெல்லாம் மரத்துப்போனது, உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன். பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ‘ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் பல தடவை வந்துவிட்டது. இப்போது பஸ்ஸே ஏறுவதில்லை. கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். லிஃப்ட், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடைக் கூட்டம் எதற்கும் போவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் மாத்திரை எப்போதும் பர்ஸில் இருக்கிறது. மனக்கோளாறு தீரும் என்று மாமியார் குணசீலம் பெருமாள் கோயிலில் போய் ஒரு மண்டலம் தங்கலாம் என்கிறார். போனில் தேடினால் லைஃப் கோச், ஹீலர், ஹிப்னோதெரபிஸ்ட், கவுன்சலர் என்று வரிசையாக வருகிறது. ஒருவரிடம் ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் கொடுத்துச் சில வாரம் போனேன். ஆறுதலாகப் பேசினார், பாசிட்டிவாக நினைக்கச் சொன்னார், கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார். அங்கே இருக்கும்வரை நன்றாக இருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றதும் பழையபடியே. எனக்குச் சரியான ஆள் யார்? எப்படிக் கண்டுபிடிப்பது?

– எம்.எஸ்., திருப்பூர்

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக்கின், அதாவது திடீரென்று வரும் கடும் பயத் தாக்குதலின், அச்சு அசலான விவரம். முதலில் மனதுக்குத் தெம்பு தரும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மனநலத் துறையில் எங்களுக்கு நன்றாக வழி தெரிந்த தொல்லைகளில் இது ஒன்று. என்ன செய்தால் குறையும் என்பது பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அந்த வழி தெரிந்த ஆளிடம் நீங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

உடல் பரிசோதனை செய்தது சரி. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைவாக இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளத்தில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். பார்க்கவில்லையென்றால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு எக்கோ, இன்னொரு டிரெட்மில் டெஸ்ட் என்று போக வேண்டாம். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் சில நாள்தான் நிம்மதி தரும். பிறகு ‘அவங்க சரியாப் பார்க்கலையோ’ என்ற சந்தேகம் வரும். இருதயம் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை ஃபைல் ஃபைலாக வைத்துக்கொண்டு பயந்துகொண்டே வாழ்கிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராக வேண்டும். அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வாசலில் கட்டிய நாய் தபால்காரரைத் திருடன் என்று நினைத்துக் குரைப்பதுபோல, ஆபத்தே இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு கிளம்பிவிடுகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும், வாயைச் சுற்றி ஊசி குத்துவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு தானே இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. அதனால் மயங்கி விழுவது மிக அபூர்வம்.

1871ஆம் ஆண்டிலேயே டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் இப்படி ஒரு படபடப்பைப் பார்த்து, அதை இதயக் கோளாறாகவே எழுதிவைத்தார். இன்று உங்களுக்கு வந்த அதே சந்தேகம். பேனிக் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பிடித்தது 1980இல்தான். 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் அதன் சுழற்சியைத் தெளிவாக எழுதினார். நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று மனம் சொல்கிறது. பயத்தில் படபடப்பு இன்னும் கூடுகிறது. கூடியதைப் பார்த்துப் பயமும் கூடுகிறது. இந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்பதுதான் சிகிச்சை.

இதைத் தெரிந்துகொண்டால், நீங்கள் போன இடத்தில் ஏன் பலன் இல்லை என்பதும் விளங்கும். அவர் உங்களை அமைதிப்படுத்தினார். அமைதியான அறையில், ஏசி காற்றில், கண்ணை மூடிக்கொண்டு யாரும் அமைதியாகிவிடலாம். உங்கள் பயம் அந்த அறையில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. பேனிக்குக்கு வேலை செய்யும் சிகிச்சை, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆகாது என்பதை உடம்புக்கே காட்டிக்கொடுக்கும். சி.பி.டி. என்று சொல்வார்கள். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் முறை. ஒரு குறுகலான ஸ்ட்ராவால் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வோம். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றுவோம். மாடிப்படியை வேகமாக ஏறி இறங்கச் சொல்வோம். அப்போது வரும் மூச்சுமுட்டலும் தலைசுற்றலும் படபடப்பும் நீங்கள் பஸ்ஸில் அனுபவித்தவையேதான். ஆனால் இங்கே நாமே கூப்பிட்டு வரவழைத்தோம், தானாக இறங்குவதையும் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு வெளியே. பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பது, ஒரு ஸ்டாப் மட்டும் போவது, கணவர் பின்னால் வண்டியில் வர நீங்கள் பஸ்ஸில் போவது, கடைசியில் நீங்கள் மட்டும்.

நகரப் பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். வைகைப் பாலம் வந்தாலே அவருக்கு மூச்சு அடைக்கும். மெடிக்கல் லீவில் இருந்தார். அவரோடு நானும் அந்தப் பாலத்தில் நடந்தேன். முதல் நாள் பாதிப் பாலத்தோடு திரும்பிவிட்டார். அதற்காக நான் வருத்தப்படவில்லை, அவரையும் வருத்தப்பட விடவில்லை. படபடப்பு உச்சத்தில் இருந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் அப்படியே நின்று அது இறங்குவதைப் பார்த்த நாளில்தான் அவர் முகம் மாறியது. இப்போது மறுபடியும் டூட்டி பார்க்கிறார்.

அதனால் யாரிடம் போனாலும், முதல் போனிலேயே இதைக் கேளுங்கள்: ‘எனக்கு பேனிக் அட்டாக் வருது. இதுக்கு நீங்க என்ன செய்வீங்க? எத்தனை வாரம் ஆகும்?’ கேட்பதில் எந்த மரியாதைக்குறைவும் இல்லை. சி.பி.டி. செய்வேன், பயப்படுகிற இடங்களுக்குப் படிப்படியாகப் போகவைப்பேன், வீட்டுக்குப் பயிற்சி கொடுப்பேன், சுமார் மூன்று மாதத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம் என்கிற மாதிரி பதில் வந்தால் நல்ல அறிகுறி. சிகிச்சைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் பேனிக்குக்கான சி.பி.டி. மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்றும், அதிகபட்சம் நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மூரில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் முடிவே சொல்லாமல் வாராவாரம் வரச் சொல்லிக்கொண்டே இருந்தால் கேள்வி கேளுங்கள். ‘ஒரே சிட்டிங்கில் குணம்’, ‘நூறு சதவீதம் கியாரண்டி’, ‘முன்ஜென்மத்துக்குக் கூட்டிப்போய்க் காரணம் காட்டுகிறேன்’, ‘எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள்’ – இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்தது படிப்பு. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சி.பி.டி. போன்ற சிகிச்சை அவர் பயின்ற வேலை. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். நல்லவர்கள் எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். என்னிடம் யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. கவுன்சலர் என்ற பலகையை நடைமுறையில் யாரும் மாட்டிவிட முடிகிறது என்பதால் அங்கே இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டும். எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்து, பெரியவர்களின் மேற்பார்வையில் பல வருடம் வேலை செய்த அருமையான கவுன்சலர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், சி.பி.டி. பயிற்சி யாரிடம் எடுத்தீர்கள், பேனிக் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பெரிய பெயரைவிட முக்கியமாக நான் நினைக்கும் ஒன்று உண்டு. உங்கள் பேச்சுத் தமிழில் நீங்கள் தடையில்லாமல் பேச முடிகிற ஆளாக இருக்கட்டும். ‘நெஞ்சுக்குள்ள ஏதோ பிடிச்சு இழுக்குது’ என்பதை இங்கிலீஷில் மாற்றி யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் வழியிலேயே போய்விடும்.

திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோவை உங்களுக்குப் பக்கம். அங்கே மனநலப் பிரிவில் முதலில் ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்த்து, ‘சி.பி.டி.க்கு யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பெயர், போனில் விளம்பரமாக வரும் பெயரைவிட நம்பகமானது. 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்தில் எங்கே போகலாம் என்று அவர்களிடமும் கேட்கலாம்.

பர்ஸில் இருக்கும் மாத்திரையைப் பற்றி. அல்பிரசோலம் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் பழகியும் போகும். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் ஒருநாளும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். போடாமல் பர்ஸில் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றாலும் அது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘மாத்திரை இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனம் நம்பிவிடுகிறது. சிகிச்சையின் பின்பாதியில் அந்த பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற பயிற்சியும் வரும். சைக்கியாட்ரிஸ்ட் எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மருந்து எழுதினால் பயப்பட வேண்டாம், அது வேறு வகை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடுவதுபோலவும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் எழுதிக்கொடுத்து, பயந்துபோய் நான்காம் நாள் மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்கள் நிறைய. அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். இதையும் நன்றானவுடன் நீங்களாக நிறுத்தக் கூடாது.

குணசீலம் போக வேண்டுமென்றால் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள். மாமியாரின் அக்கறையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு மண்டலம் வேலையை விட்டுவிட்டுத் தங்குவது மட்டும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். நீங்கள் விலகிவந்த இடங்களின் பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருக்கிறது, அலுவலகமும் அதில் சேர்ந்துவிடக் கூடாது. போகும்போது முடிந்தால் பஸ்ஸில் போங்கள், கணவர் பக்கத்தில் இருக்கட்டும்.

*

மகனுக்கு 19 வயது. சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். செமஸ்டர் பரீட்சை ஹாலில் படபடப்பு வந்து இரண்டு பேப்பரில் பாதியில் எழுந்து வந்துவிட்டான். கல்லூரியிலேயே ஒரு கவுன்சலர் இருக்கிறாராம். போனால் கல்லூரி ரெக்கார்டில் ஏறி, நாளைக்கு பிளேஸ்மென்ட்டில் பிரச்சினை வருமோ? தங்கை கல்யாணம் வேறு இருக்கிறது. தவிர, அவன் என்ன பேசுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கூட உட்காரலாமா?

– ஆர்.வி., நாகர்கோவில்

ஐயா, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆவது பிரிவு, சிகிச்சையில் பேசியதை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மகனின் அனுமதி இல்லாமல் கம்பெனிக்கோ மற்றவர்களுக்கோ சொல்ல முடியாது. கல்லூரி கவுன்சலரிடம் மட்டும் முதல் நாளே ‘நான் பேசுறதை யாருக்கெல்லாம் சொல்வீங்க, எங்கே எழுதி வைப்பீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வெளியே பார்க்கலாம். சென்னையில் அதற்குக் குறைவில்லை. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இன்றும் அரசு மருத்துவமனையாக வெளிநோயாளிகளைப் பார்க்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே நம் ஜனங்களுக்கு ஒரு கூச்சம் இருப்பது தெரியும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பையன் அங்கே போகட்டும்.

இந்த ரகசியம் உங்களிடமும் பொருந்தும். 19 வயது என்றால் சட்டப்படி அவர் பெரியவர். முதல் நாள் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கூப்பிட்டால் உள்ளே போய், சின்ன வயதில் எப்படி இருந்தார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். பிறகு வெளியே வந்து உட்காருங்கள். வண்டியில் திரும்பும்போது ‘என்னடா கேட்டாங்க?’ என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும். எவ்வளவு குறைவாகத் துருவுகிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் அவரே வந்து சொல்வார். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பாதியில் எழுந்துவந்த பேப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இந்த வருஷம் வீட்டில் இரு, அடுத்த வருஷம் எழுதலாம்’ என்று பாசத்தில் சொல்லிவிடாதீர்கள். பரீட்சை ஹாலைவிட்டு விலகி இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த ஹாலின் பயத்தைக் கூட்டும். சிகிச்சையும் அரியரும் சேர்ந்தே நடக்கட்டும்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணனுக்குப் படபடப்பு வந்து சரியானதால் தங்கையின் வாழ்க்கைக்கு என்ன குறை வந்துவிடும்? சிகிச்சை இல்லாமல் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால்தான் ஊர் பேசும்.

*

மனைவிக்கு அட்டாக் வரும்போது நான் என்ன செய்வது? தண்ணீர் தெளிக்கிறோம், கையைத் தேய்க்கிறோம், அம்மா சோடா கொடுக்கிறார். எது ஹார்ட் அட்டாக், எது பேனிக் என்று எனக்கு எப்படித் தெரியும்?

– கே.பி., திண்டுக்கல்

சுற்றி நிற்கிறவர்களை நகர்த்துங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘போன தடவையும் இப்படித்தான் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல இறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்’ என்று மெல்லச் சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே விடுவதை நிதானமாக, நீளமாக விடச் சொல்லுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாகிவிடும். இறங்கிய பிறகு, செய்துகொண்டிருந்த வேலையை மெல்லத் தொடர விடுங்கள். கடைக்குப் போகும் வழியில் வந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அதே கடைக்குப் போங்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அந்த வழியும் பயப்படும் இடமாகிவிடும்.

எது எது என்று வீட்டில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. முதன்முறையாக வந்தால், வயது 40ஐத் தாண்டியிருந்தால், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் வலி வந்து, நின்றதும் குறைந்தால், உண்மையிலேயே நினைவு தப்பினால் – யோசிக்காமல் 108. ‘கேஸ் ட்ரபிள்’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

*

தறி ஓட்டுகிறேன். 52 வயது. தறிச் சத்தத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்கிறது, ஓடி வெளியே வந்துவிடுகிறேன். இருதய டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். மனசு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். ஒரு தடவைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் என்கிறார்கள். என்னால் முடியாது.

– பெயர் வேண்டாம், பரமக்குடி

அண்ணே, பணம் இல்லாமலே பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய் ‘மனநல ஓ.பி. எங்கே?’ என்று கேளுங்கள். மருந்தும் அங்கேயே இலவசம். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் அந்த டாக்டர் வருவது உண்டு. பரமக்குடிக்கு எந்த நாள் என்று அங்கேயே கேட்டுவிட்டால் ஒரு நாள் கூலி மிச்சம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு மனநலச் சேவையைப் பெறுவதை உங்கள் உரிமை என்றே சொல்கிறது. கெஞ்ச வேண்டியதில்லை.

நேரான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே கூட்டம் அதிகம், டாக்டருக்கு உங்களோடு அரை மணி நேரம் உட்கார முடியாமல் போகலாம். மருந்து கிடைக்கும், பேச்சுச் சிகிச்சை குறைவாகவே கிடைக்கும். இந்த நிலை மாற வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லிவருகிறேன். அரசு இன்னும் நிறைய சைக்காலஜிஸ்ட்டுகளை நியமித்தே ஆக வேண்டும். அதுவரை, கிடைக்கும் நேரத்தை நன்றாகப் பயன்படுத்த ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது முதலில் வந்தது, வாரத்துக்கு எத்தனை தடவை, சாப்பிடும் மருந்து என்ன, பீடி, டீ, சாராயப் பழக்கம் உண்டா. கடைசிக் கேள்வியில் எதையும் மறைக்காதீர்கள். தொடர்ந்து குடித்துவந்து திடீரென்று நிறுத்தினாலும் இதே படபடப்பு வரும், அதற்கு வைத்தியம் வேறு. திட்டத்தில் சைக்காலஜிஸ்ட்டும் சமூகப் பணியாளரும் இருப்பார்கள், ‘அவங்களைப் பார்க்கணும்’ என்று கேளுங்கள்.

தறியைவிட்டு ஓடிவந்தால் வெளியே கொஞ்சம் நின்று, படபடப்பு இறங்கியதும் மறுபடி போய் உட்காருங்கள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு அதைவிடக் கொஞ்சம் கூட. பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. வீட்டில் அண்ணியிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

*

ஷார்ஜாவில் கேம்ப்பில் இருக்கிறேன், ரூமில் ஆறு பேர். ராத்திரி தூக்கத்தில் திடுக்கென்று எழுந்து மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுகிறேன். கனவு எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் டாக்டரிடம் போனில் பேசலாமா? தமிழில் வேண்டும்.

– ஒரு தம்பி, ஷார்ஜா

தம்பி, தூக்கத்திலும் பேனிக் வரும். கனவு வராத தூக்க நிலையில்தான் அது பெரும்பாலும் வருகிறது. கெட்ட கனவோ காத்துக்கருப்போ காரணமில்லை. ஒன்றை மட்டும் ரூம் நண்பர்களிடம் கேளுங்கள்: நீங்கள் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? ஆம் என்றால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். கம்பெனி கிளினிக்கில் முதலில் அதைச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட்டுக்காக எனர்ஜி டிரிங்க் குடிக்கிறீர்கள் என்றால் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். காஃபின் பேனிக்கைத் தூண்டும்.

போனில் சிகிச்சை எடுக்கலாம். பேனிக்குக்கு வீடியோ மூலம் செய்யும் சி.பி.டி. நன்றாகவே வேலை செய்கிறது. ஆர்.சி.ஐ. பதிவுள்ள ஒரு தமிழ் சைக்காலஜிஸ்ட்டைப் பிடித்து, திருப்பூர்ச் சகோதரிக்குச் சொன்ன அதே கேள்விகளைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரை எடுத்துக்கொள்வீர்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சிலர் எடுப்பதில்லை. 14416 இந்தியாவுக்குள் கூப்பிடுவதற்கான எண் என்பதால் அங்கிருந்து அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஆறு பேர் இருக்கும் ரூமில் மனம்விட்டுப் பேச முடியாது. உங்களைப் போல வளைகுடாவில் இருந்து பேசுகிறவர்கள் மொட்டை மாடியிலும், பார்க்கில் ஒரு ஓரத்திலும், நிறுத்திவைத்த கம்பெனி வண்டியிலும் உட்கார்ந்து ஹெட்செட் போட்டுப் பேசுவார்கள். வீடியோ ஓடவில்லையென்றால் குரல் மட்டும் போதும். ஊர் நேரம் உங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் சைக்காலஜிஸ்ட்டுக்குப் பத்தரை. ஆகவே லீவு நாள் காலையைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து தேவைப்பட்டால் அங்கேயுள்ள டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். ஊரிலிருந்து வரும் நண்பரிடம் மாத்திரை கொடுத்தனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் அவரும் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். லீவில் ஊருக்கு வந்து டாக்டரைப் பார்த்து மருந்தோடு திரும்புவதாக இருந்தால், சீட்டையும் டாக்டரின் கடிதத்தையும் வைத்துக்கொண்டு அமீரக அரசின் உரிய இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.